ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம்

பாங்கோர் நகரத்தில் ஒரு மூன்றாவது மாடி.
மதவாஸ்காவிலிருந்து நாலு மணி நேரம்
தங்கை மகன் ரெஜியின் காரில்
பின் இருக்கையில் படுத்தபடி வந்தேன்.
நீதிபதி சுவரில் ஒரு திரைக்குள் இருந்தார்.
தொழில் நிபுணர் தொலைபேசிக்குள் இருந்தார்.
உடம்போடு வந்திருந்தது
நானும் வக்கீல் வயலெட்டும்தான்.

பட்டியலில் என் நோய்க்கு ஓர் எண் உண்டு.
தலை சுற்ற வேண்டும். காதுக்குள் இரைய வேண்டும்.
கேட்கும் திறன் குறைந்துகொண்டே வர வேண்டும்.
முதல் இரண்டிலும் தேறிவிட்டேன்.
மூன்றாவதில், சோதனைக்குப் போன அன்று பார்த்து
இடது காது எல்லாவற்றையும் கேட்டுத் தொலைத்தது,
பக்கத்து அறையில் ஊசி உறை கிழிவது வரை.
பதினோரு மாதம் பஞ்சடைத்துக் கிடந்த காது
அன்றைக்கு மட்டும்
அரசாங்கத் தரப்பில் சாட்சி சொன்னது.

"பட்டியலில் சேராது. அடுத்த படிக்குப் போவோம்"
என்றார் நீதிபதி. தொண்டையைச் செருமினார்.
"ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம்.
வயது ஐம்பத்திரண்டு. பள்ளி இறுதி வரை படிப்பு.
இருபது பவுண்டு தூக்குவாள்.
ஏணி கூடாது. வண்டி ஓட்டக் கூடாது.
இவளுக்கு நாட்டில் வேலை உண்டா?"

அவள் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.
என் வயது, என் படிப்பு.
கால் மேல் கால் போட்டிருந்தாள்.
சுவரைப் பிடிக்காமல் எழுந்து நிற்கக்கூடியவள் என்று
பார்த்ததும் தெரிந்தது.

"உண்டு" என்றது தொலைபேசி.
"பாதாம் பருப்பில் சொத்தை பொறுக்குவது, நாலாயிரம் இடம்.
மர முளைகளைக் கண்ணால் பரிசோதிப்பது, ஆயிரத்து இருநூறு.
உறைமேல் முகவரி எழுதுவது..."
எந்த ஊரில் என்று யாரும் கேட்கவில்லை.
எங்கள் ஊரில் விளைவது உருளைக்கிழங்கு.

என்னைக் கேட்டபோது பேருந்தைப் பற்றிச் சொன்னேன்.
ஏழாம் எண் பள்ளிப் பேருந்து. பத்தொன்பது வருடம்.
பிப்ரவரி, செவ்வாய், காலை ஏழு பத்து.
இரண்டு பக்கமும் பனிச்சுவர்.
பாதை திடீரென்று கவிழ்ந்து
வானத்தின் பக்கம் போயிற்று.
பிரேக்கை மிதித்தது நானா, கடவுளா, தெரியாது.
சாவியைப் பிடுங்கிக்கொண்டு
ரப்பர் தரையில் கன்னத்தை அழுத்திப் படுத்தேன்,
உலகத்தில் அசையாத இடம் அது ஒன்றுதான் என்பது போல.
அதுவும் அசைந்தது.
வாந்திக்கு நடுவே சின்னச் சின்ன பூட்ஸ்கள் தெரிந்தன.
ஒன்பது வயது ஒடெட் ரேடியோவை எடுத்து
"மிசஸ் சீர் கீழே கிடக்கிறார்,
ஆனால் கண் திறந்திருக்கிறது" என்றாள்.
மறுநாள் ஓட்டுநர் உரிமத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
யாரும் கேட்கவில்லை.

"மாதத்துக்கு எத்தனை முறை வரும்?"
"சொல்லிக்கொண்டு வருவதில்லை, ஐயா."
வயலெட் என் முழங்கையைத் தொட்டார். எண் வேண்டுமாம்.
"நாலு. சில மாதம் ஆறு."

பிறகு வயலெட் கேட்டார்:
"அதே ஒருத்தி. மாதத்தில் மூன்று நாள் வர மாட்டாள்.
எந்த நாள் என்று அவளுக்கே தெரியாது. அப்போது?"
தொலைபேசியில் தாள் புரளும் ஓசை.
"அப்போது ஒரு வேலையும் இல்லை."
"நாடு முழுக்க?"
"நாடு முழுக்க."

மேசைக்கடியில் வயலெட் கட்டை விரலை உயர்த்தினார்.
ஜெயித்துவிட்டேன் என்று புரிந்தது.
பருப்பு பொறுக்கக்கூட ஆகாதவள்
என்பதுதான் என் தகுதி.
பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். காலி.

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது.
தகுதி உண்டு. ஜூன் முதல் தேதியிலிருந்து.
அன்றைக்குத்தான் காது மருத்துவர்
நோயின் பெயரை முதன்முதலாகத் தாளில் எழுதினார்.
அதற்கு முன் சான்று இல்லை.
ஆக, பிப்ரவரியிலிருந்து மே வரை
அரசாங்கக் கணக்கில் நான் நலம்.

இருக்கலாம்.
அந்த நாலு மாதம் நான் குளியலறைத் தரையில் கிடந்தபோது
அவள்தான் நேராக நடந்து போய்
ஏழாம் எண்ணைக் கிளப்பி
ஒடெட் வீட்டு வாசலில்
ஹார்ன் அடித்திருப்பாள்.